வாசகர் கேள்வி பதில்: முதல் முறை ராஃப்டிங் போகிறவர்களுக்கு

கேள்வி: கல்லூரிக் காலத்திலிருந்தே நாங்கள் ஆறு பேர் ஒரு குழு. ஒரு நாள் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் சீறும் ஆற்றில் போவது) போவது என்று முடிவாகிவிட்டது. யாருக்கும் அனுபவம் கிடையாது, இரண்டு பேருக்கு நீச்சலும் தெரியாது. எந்த மாதிரி ஆறு, எந்த கிரேடு, எதை முதலில் விசாரிப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் சொல்லுங்களேன்.

பதில்: வீடியோ பார்த்து ஆற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களில் தண்ணீரைக் கண்டு அதிகம் பயப்படுகிறவர் யார் என்று பாருங்கள், அவருக்கு எது சரிப்படுமோ அதுதான் மொத்தக் குழுவுக்கும்.

ஆற்றுச் சீற்றத்தை 1 முதல் 6 வரை கிரேடு போட்டுச் சொல்வார்கள். 1 என்றால் ஓடுகிற தண்ணீர், சின்ன அலை, அவ்வளவுதான். 2-ல் அலை கொஞ்சம் பெரிது, ஆனால் போகிற வழி அகலமாக, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். 3-ல் அலைகள் ஒழுங்கில்லாமல் வரும், பாறைகளுக்கு நடுவே படகைத் திருப்பித் திருப்பிப் போக வேண்டியிருக்கும், நல்ல கைடு கூட இருந்தால் திடமான புதியவர்களால் முடியும். 4, 5 பழகியவர்களுக்கு. 6 பக்கம் போகவே வேண்டாம். உங்களுக்கு 2 போதும், நடுவில் ஓரிடத்தில் 3 வந்தால் நல்ல அனுபவமாக இருக்கும்.

ஆனால் பலர் கவனிக்காத விஷயம், இந்த எண் ஆற்றின் மேல் ஒட்டி வைத்த சீட்டு இல்லை. மேலே மழை பெய்தாலோ, பனி உருகினாலோ, அணையைத் திறந்தாலோ போன வாரம் 2 ஆக இருந்த இடம் இந்த வாரம் 4 ஆகலாம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு பொருளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது, அதனால்தான் கரையிலிருந்து பார்க்க 'கொஞ்சம்தானே கூடியிருக்கு' என்று தோன்றுவது படகில் வேறு மாதிரி இருக்கிறது. ஆகவே முன்பதிவு செய்யும்போது இப்படிக் கேளுங்கள்: "நாங்கள் வரும் சமயத்தில் வழக்கமாக எவ்வளவு தண்ணீர் ஓடும்? எந்த அளவைத் தாண்டினால் புதியவர்களை ஏற்ற மாட்டீர்கள்?" விநாடிக்கு இத்தனை கன அடி என்றோ, அளவுகோலில் இந்தக் கோடு என்றோ ஒரு எல்லையைச் சட்டென்று சொல்கிறாரா, அவரை நம்பலாம். "எப்ப வந்தாலும் பிரச்சினையே இல்லை" என்கிறவரிடம் நான் போக மாட்டேன், நீங்களும் போகாதீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள், சீற்றம் முடிந்ததும் ஆறு மடுவாக அமைதியாகிறதா, அல்லது அடுத்தடுத்துத் தொடர்ந்து சீற்றம்தானா? ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மடு இருந்தால் தண்ணீரில் விழுந்தவரை அங்கே நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம், எல்லோருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். தொடர் சீற்றமாக இருந்தால், கிரேடு குறைவாகவே இருந்தாலும், விழுந்தவர் வெகு தூரம் அடித்துக்கொண்டு போகப்படலாம். புதியவர்களுக்கு இந்த வித்தியாசம் கிரேடு எண்ணைவிட முக்கியம் என்றே நினைக்கிறேன். அப்புறம், படகுக்கு ஒரு கைடு உண்டா, எறிகயிறு (விழுந்தவரை நோக்கி எறிய, பைக்குள் அடைத்து வைத்த கயிறு) வைத்திருப்பாரா, கூடவே ஒரு கயாக்கோ (ஒருவர் ஓட்டும் சின்னப் படகு) இன்னொரு படகோ வருமா, கிளம்பும் முன் கரையில் பயிற்சி தருவார்களா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

முதல் முறைக்கு அரை நாள் பயணமே சரி. ஆற்றில் இரண்டு மூன்று மணி நேரம்தான் இருப்பீர்கள், ஆனால் போய்ச் சேர்வது, ஜாக்கெட் மாட்டிச் சரிபார்ப்பது, பயிற்சி, ஏறுமிடத்துக்கு வண்டியில் போவது, முடித்துத் துணி மாற்றுவது என்று நாள் அதிலேயே போய்விடும். முழு நாள் எடுத்தால் பிற்பகலில் கை சோர்ந்து உடல் குளிர்ந்துபோயிருக்கும் நேரத்தில் கடினமான பகுதி வரலாம். நீச்சல் தெரியாத இரண்டு பேரும் முன்கூட்டியே, நீச்சல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒரு குளத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கி மல்லாந்து மிதந்து பார்க்கட்டும். முகத்தில் தண்ணீர் அடித்தால் பதறாமல் மூச்சு விட வருகிறதா என்பதுதான் தெரிய வேண்டும். தங்களுக்கு நீச்சல் தெரியாது என்பதை அவர்கள் கைடிடம் மறைக்கவே கூடாது.

கேள்வி: என் மகள் தோழிகளுடன் ராஃப்டிங் போகிறாள். படகிலிருந்து விழுந்துவிட்டால் என்ன செய்வாள் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் விழுவது இதில் எதிர்பார்க்கிற ஒன்றுதான், அதற்கென்று முறை இருக்கிறது. அவளை உட்கார வைத்து இதைச் சொல்லிக் கொடுங்கள்.

விழுந்ததும் மல்லாந்து கொள்ள வேண்டும், கால்கள் ஆறு ஓடும் திசையில், முழங்கால் லேசாக மடங்கி, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். எழுந்து நிற்க மட்டும் முயலவே கூடாது. ஓடுகிற தண்ணீரில் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் ஆறு ஆளை முன்னால் தள்ளி அமுக்கிவிடும், இடுப்பளவு ஆழத்திலேயே உயிர் போயிருக்கிறது. முழங்கால் அளவுக்கும் குறைந்து, ஓட்டம் தணிந்த பிறகுதான் நிற்கலாம். கயிறு எறிந்தால் பையை அல்ல, கயிற்றைப் பிடிக்க வேண்டும், பிடித்துத் தோளுக்கு மேலாக விட்டுக்கொண்டு கயிறு வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி மல்லாந்திருந்தால் முகத்தில் தண்ணீர் அடிக்காது. கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டினால் இரண்டு கையையும் மேலே படகில் ஊன்றி ஒரே திசையில் நகர்ந்து வெளியே வரலாம்.

ஒரே ஒரு இடத்தில் இந்த மல்லாந்த நிலையை விட்டுவிட வேண்டும். தண்ணீரில் விழுந்து கிடக்கும் மரம் எதிரே வந்தால் முதலில் விலகி நீந்தப் பார்க்க வேண்டும், முடியவே முடியாது என்றால் குப்புறத் திரும்பி அதை நோக்கி வேகமாக நீந்தி, உடம்பை மரத்தின் மேலே ஏற்றிவிட வேண்டும், ஏனென்றால் கிளைகளுக்கு அடியில் தண்ணீர் போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார்.

விழாமல் இருக்கவும் வழி உண்டு. பயந்ததும் எல்லோரும் துடுப்பைத் தூக்கிவிடுகிறார்கள், அது தவறு. தண்ணீரில் ஊன்றிய துடுப்பு இன்னொரு கால் மாதிரி தாங்கும், கைடு நிறுத்தச் சொல்லும்வரை போட்டுக்கொண்டே இருக்கட்டும். துடுப்பின் மேல்முனைப் பிடியிலிருந்து கையை எடுக்க வேண்டாம், அது சுழன்று பக்கத்தில் இருப்பவரின் பல்லில் அடிக்கும். படகு பாறையில் மோதினால் மனசு பாறையை விட்டு விலகச் சொல்லும், செய்ய வேண்டியது நேர்மாறு, எல்லோரும் பாறைப் பக்கமே சாய வேண்டும். இல்லையென்றால் எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏறி படகு கவிழும்.

கேள்வி: 11 வயது மகனையும் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அப்பாவையும் கூட்டிப் போகலாமா?

பதில்: பையனுக்கு அந்த ஆற்றின் குறைந்தபட்ச வயதையும் எடையையும் கேளுங்கள். எடையைக் கேட்பது லைஃப் ஜாக்கெட் பொருந்த வேண்டும் என்பதற்காக. மாட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், ஜாக்கெட் காது வரை ஏறினால் சிறியது வேண்டும். அப்பா மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம், படகில் முழங்கால் மடக்கி, பாதத்தை இடுக்கில் செருகித்தான் உட்கார வேண்டும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், தோள் மூட்டு அடிக்கடி விலகுகிறவர்கள் வராமல் இருப்பதே நல்லது.

ஆற்றை நினைத்தாலே தயக்கம் என்றால் செயற்கை நீரோட்டப் பாதைகளும் இருக்கின்றன. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் அமைத்ததும், 2012 லண்டன் ஒலிம்பிக்குக்காக லீ வேலியில் அமைத்ததும் பெயர் பெற்றவை. இவற்றில் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள், புதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

கேள்வி: என்ன உடுத்துவது? கண்ணாடி, செல்போன்?

பதில்: வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைப் பார்த்து உடுத்துங்கள். பனி உருகி வரும் ஆறு வெயில் கொளுத்தும் நாளிலும் விறைக்கும், தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும். பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். முதல் தடவை நான் ஜீன்ஸில் போய், படகை விட்டு இறங்கி ஒரு மணி நேரமாகியும் நடுக்கம் நிற்கவில்லை. சீக்கிரம் உலரும் செயற்கை இழைத் துணி, குளிர் ஆறு என்றால் வெட்சூட் (உடலை ஒட்டி நின்று சூட்டைக் காக்கும் ரப்பர் உடை). காலில் பின்பட்டை உள்ள செருப்போ பழைய ஷூவோ, சாதாரணச் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் வார் கட்டுங்கள். மோதிரம், செல்போன், வண்டிச் சாவி கரையிலேயே இருக்கட்டும். மாற்றுத் துணி முழு செட், துண்டு இரண்டையும் வண்டியில் வைத்துவிட்டுப் போங்கள். முந்தைய இரவிலும் அன்றும் மது கூடாது.

கேள்வி: நாளை பயணம், இன்று கனமழை. ரத்து செய்தால் பணம் போய்விடுமே?

பதில்: காலையில் கைடைக் கூப்பிட்டு நீர்மட்டம் கேளுங்கள், முன்பு சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால் போகாதீர்கள். அவரே வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பணத்தைப் பொறுத்தவரை, தண்ணீர் கூடினால் தேதி மாற்றித் தருவார்களா, திருப்பித் தருவார்களா என்பதை அடுத்த முறை முன்பதிவு அன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.