நூறு ரோல்ஸுக்கு எத்தனை மணித்தியாலம்?

கேள்வி: வெள்ளவத்தையில் மாடிவீடு ஒன்றில் இருக்கிறோம். மூன்று வருடமாக வீட்டிலிருந்தே மீன் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் செய்து ஓடருக்குக் கொடுக்கிறேன். கணவர் அலுவலகம் போய் வந்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். மாமி வெங்காயம் உரித்துத் தருவார். மூத்தவளுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. சின்னவன் முதலாம் ஆண்டு. காலி வீதிக்குப் பக்கத்தில் சிறிய கடை ஒன்று வாடகைக்கு வருகிறது, எடுக்கவா? வார இறுதியில் வியாபார முகாமைத்துவ டிப்ளோமா ஒன்றும் படிக்க ஆசை. ஆனால் இப்போதே பிள்ளைகளோடு இருந்து ஒரு நேரம் சாப்பிட முடியவில்லை. முன்பு வீணை படித்தேன், தொட்டு 12 வருடம். எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: நேர அட்டவணை ஒன்று போட்டுத் தருவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதை அப்புறம் பார்ப்போம். சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான், அதனால் என் கண் முதலில் போனது நீங்கள் கடிதத்தோடு இணைத்த கணக்குக்குத்தான். நூறு ரோல்ஸ், ஒன்று 120 ரூபாய், மொத்தம் 12,000. மீன், கிழங்கு, மா, எண்ணெய், காஸ், பெட்டி எல்லாம் சேர்த்து 8,000 செலவு. 'லாபம் 4,000' என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு கோட்டைக் கொஞ்சம் அழிப்போம். முதல் நாள் பின்னேரம் கறி கிளற மூன்று மணித்தியாலம். விடிய மூன்றரைக்கு எழும்பித் தோசைபோல் ஊற்றி, சுற்றி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டிப் பொரித்து எடுக்க எட்டரை ஆகிறது. அது ஐந்து. மாமியின் ஒன்றரை, உங்கள் அவரின் ஒன்றரை. ஆக 11 மணித்தியாலம். 4,000 ரூபாயை 11 ஆல் பிரித்தால் 360 சொச்சம். மூன்று பேர் தூக்கம் கெட்டு உழைத்ததற்கு மணிக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நீங்கள் லாபம் என்று எழுதியது உங்கள் மூன்று பேரின் கூலி. வியாபாரம் இன்னும் ஒரு சதம்கூட உழைக்கவில்லை.

கடிதத்தில் இருக்கும் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. உங்கள் உழைப்புக்கு விலை போடாததால் ஆள் வைக்கக் காசு மிஞ்சாது. ஆள் இல்லாததால் விடிய எழும்ப வேண்டும். விடிய எழும்பினால் பின்னேரம் மகளின் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் கண் சொருகும். நீங்கள் நேரத்தை ஒழுங்காகப் பாவிக்கத் தெரியாதவர் என்று எனக்குப் படவில்லை, அதைக் குறைந்த விலைக்கு விற்கிறீர்கள்.

சரி, ஒருவரை வேலைக்கு வைத்துப் பார்ப்போம். எட்டு மணித்தியாலத்துக்கு 2,500 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதோடு முடியாது. ஒரே ஒருவரை வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். அவர் சம்பளத்திலிருந்து 8 வீதம், உங்கள் பக்கத்திலிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் மட்டும் இன்னும் 3 வீதம். அடுத்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். 'வீட்டில்தானே செய்கிறோம், யாருக்குத் தெரியும்' என்று விட்டவர்கள், நாலைந்து வருடம் கழித்து வேலையாள் முறைப்பாடு கொடுத்த பிறகு தண்டப்பணத்தோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆக ஒரு நாளுக்கு 2,875. இன்றைய விலையில் உங்களுக்கு மிஞ்சுவது 1,125.

விலையை 140 ஆக்குங்கள். நூறில் பதினைந்தை வாங்குபவர்கள் போய்விடுவார்கள் என்றே வைப்போம். 85 ரோல்ஸ், 11,900 ரூபாய். பொருள் செலவு 6,800. மிச்சம் 5,100. பதினைந்து குறைவாகச் சுற்றி, முன்னையதைவிட 1,100 ரூபாய் கூட! ஆளுக்குக் கொடுத்தது போக 2,225. பழைய 4,000 இல்லைத்தான். ஆனால் அந்த 2,225 உண்மையான லாபம், எட்டு மணித்தியாலம் உங்கள் கைக்குத் திரும்பி வருகிறது. பழகிய சனத்திடம் எப்படிக் கூட்டிக் கேட்பது என்று கூச்சப்படுவீர்கள். மீன் விலை ஏறியபோது மீன்காரர் உங்களிடம் கூச்சப்பட்டாரா?

அடுத்தது விடியற்காலை. ஒவ்வொரு ஓடரையும் அன்றன்றைக்கே தொடக்கத்திலிருந்து செய்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், மொத்தமாகச் சுற்றிப் பாண்தூள் புரட்டித் தட்டில் பரப்பி உறைய வையுங்கள். இறுகிய பிறகு பையில் போட்டால் ஒட்டாது. ஓடர் நாளில் வெளியே எடுத்து இளக விடாமல் நடுத்தரச் சூட்டில் நேரே பொரிக்கலாம். இளகினால் தோல் நைந்து எண்ணெயில் வெடிக்கும். அவித்த முட்டை வைக்கும் ரோல்ஸ் மட்டும் இதற்குச் சரிவராது, வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதை முதல் நாள் சொன்னால்தான் என்று வைத்து, விலையும் கூட்டுங்கள். ஃபிரீசர் பெரிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன நாட்கள் எனக்கு மறக்கவில்லை. ஒரு வாரச் சரக்குக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம்.

வட்ஸ்அப்பில் இரவு பதினொன்றுக்கும் ஓடர் வருகிறது என்கிறீர்கள். வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம்தான், வேறு இலக்கத்தில் போடுங்கள். பின்னேரம் ஆறுக்குப் பிறகு தானாகப் பதில் போகிற மாதிரி வைக்கலாம். பாதி முற்பணம் வந்தால்தான் ஓடர் உறுதி. அந்தப் போன் இரவில் சாப்பாட்டு மேசைக்கு வரக்கூடாது. கணவருக்கும் இந்தச் சட்டம் உண்டு.

கடை? இப்போது வேண்டாம். முற்பணமும் மாத வாடகையும் ஒரு பக்கம் கிடக்கட்டும், கடை முதலில் எடுப்பது பின்னேரங்களை. ரோல்ஸ், கட்லட் மாதிரி சோட் ஈற்ஸ் விற்கிற கடைக்குக் கூட்டம் வருவது நாலுக்கும் எட்டுக்கும் நடுவில். அதுதான் உங்கள் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம். என் அப்பா புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவரைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் இரண்டு கடைக்கோ ஒரு அலுவலகக் கன்டீனுக்கோ பொரிக்காத ரோல்ஸைக் கிழமைக்கு இவ்வளவு என்று நிரந்தரமாகக் கொடுங்கள். விலை கொஞ்சம் இறங்கும். ஆனால் பொரிக்கும் வேலையும் கணவரின் ஓட்டமும் குறையும், அடுத்த வாரம் எவ்வளவு மா வாங்குவது என்று இன்றைக்கே தெரியும். மகளின் பரீட்சை முடிந்து ஆறு மாதம் இப்படி ஓடியும் கடை ஆசை போகவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் சட்டப்படி செல்லாது. வெறும் பற்றுச்சீட்டை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு என்று ஒரு நாள் எது? ஞாயிறு சரிவராது, கொழும்பில் ஞாயிறு டியூசனுக்குப் போய்விட்டது. போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை அன்று பள்ளிக்கூடமும் இல்லை, அவருக்கு அலுவலகமும் இல்லை. அன்றைக்கு ஓடர் நிறைய வரும், தெரியும். வருடத்துக்கு 12, சில வருடம் 13 நாள்தான். அந்த ஓடர்களை விடுங்கள். இப்போதே எல்லோருக்கும் அறிவித்துவிட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் வாரங்களில் நித்திரை இருக்காதுதான். அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி, மற்ற வாரங்களில் ஈடு செய்யுங்கள்.

டிப்ளோமாவைப் பற்றி. அதை உங்கள் சொந்த வளர்ச்சிக் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது கடையின் கணக்கில்தான் தெரிகிறது. படிப்பதென்றால் வியாபாரத்துக்கு ஒதுக்கிய நேரத்திலும் காசிலும் படியுங்கள், வார இறுதியைக் கொடுக்காதீர்கள். இந்த வருடம் ஒரு கொப்பியில் நாள்வாரியாகச் செலவும் மணித்தியாலமும் எழுதி வந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கடிதத்தில் உங்களுக்காகவே இருந்தது வீணை பற்றிய அந்த ஒரு வரிதான், அதையும் கடைசியில் தள்ளிவிட்டிருந்தீர்கள். கைக்குத் திரும்பி வரும் மணித்தியாலங்களில் வாரத்துக்கு இரண்டை எடுத்து அதற்குக் கொடுங்கள். பாடசாலை வான் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு முந்தின நேரம் நல்லது, வீடு அமைதியாக இருக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் 12 வருடம் கிடந்த தந்திகள் துருப்பிடித்திருக்கும். சுருதி கூட்ட முறுக்கினால் அறுந்து முகத்தில் அடிக்கும், ஏழையும் மாற்றிவிடுங்கள். தந்திக்குக் கீழே வரிசையாக இருக்கும் மெட்டுக் கட்டைகள் 24 உம் பதிந்திருப்பது தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கலவையில். மெழுகு வெடித்திருந்தால் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் அவற்றைத் திரும்பப் பதிக்க வேண்டும். பிறகு வீணையைப் பொரிக்கும் அடுப்புக்குப் பக்கத்து அறையில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.