இன்னும் 20 ஆண்டுகளில் நம் ரயில் பயணம் எப்படி இருக்கும்? புல்லட் ரயில், ஹைப்பர்லூப் எல்லாம் வந்துவிடுமா?

நான் ரயில்வேக்காரன் அல்ல. மாதம் இரண்டு முறையாவது கோவைக்கும் சென்னைக்கும் ரயிலில் போய்வருகிறவன், அவ்வளவுதான்.

வந்தே பாரத் பெட்டிக்குள் ஒரு திரை உண்டு. வண்டி மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று அது காட்டிக்கொண்டே வரும். 2023இல் சென்னைக்குப் போகக் கோவையில் முதன்முதலாக அதில் ஏறியபோது, சிற்றுண்டியைக்கூடக் கவனிக்காமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 108, 109, 110. அதற்கு மேல் நகரவில்லை. ஒரு வளைவு வந்தது. எண் மளமளவென்று சரிந்தது. மீண்டும் ஏறுவதற்குள் அடுத்த வளைவு. ஜோலார்பேட்டை தாண்டிய பிறகுதான் 130ஐப் பார்த்தேன். 495 கி.மீ. தூரத்துக்கு 5 மணி 50 நிமிடம். வகுத்தால் சராசரி 85. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவான இந்த வகை வண்டி, சோதனை ஓட்டத்தில் 180ஐத் தொட்டது. ஆகவே குறை வண்டியில் இல்லை, பாதையில் இருக்கிறது. சரக்கு ரயில், பாசஞ்சர், எக்ஸ்பிரஸ் எல்லாம் அதே தண்டவாளத்தில்தான் போக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 100 கி.மீ. தூரத்தை 130இல் போவதற்குப் பதில் 160இல் போனால் மிச்சமாவது 9 நிமிடம்கூட இல்லை. ஆனால் 30இல் ஊர்ந்துபோகும் வெறும் 5 கி.மீ. பகுதியைச் சீர்செய்து 100இல் ஓட விட்டால் 7 நிமிடம் கையில் கிடைக்கும். 'எவ்வளவு வேகம் போகும்?' என்று எல்லோரும் கேட்கிறோம். எங்கெல்லாம் மெதுவாகப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஜப்பானியர்கள் கேட்டார்கள். டோக்கியோ–ஒசாகா 515 கி.மீ., ஏறக்குறைய நம் கோவை–சென்னை தூரம். அங்கே பழைய பாதை 1067 மி.மீ. குறுகிய பாதை. அதை ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்காமல், புல்லட் ரயிலுக்கென்றே 1435 மி.மீ. அகலத்தில் தனிப்பாதை போட்டார்கள். லெவல் கிராசிங் கிடையாது, சரக்கு ரயில் கிடையாது. 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியபோது 4 மணி நேரம் ஆனது. இப்போது சுமார் இரண்டரை மணி. செலவு மட்டும் மதிப்பீட்டைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதற்குப் பொறுப்பேற்றுத் தேசிய ரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜி 1963இல் பதவி விலகினார். திறப்பு விழாவுக்கு அவரை அழைக்கவில்லை. (எந்த ஊரிலும் இது மட்டும் மாறுவதில்லை போலும்.)

மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலும் அதே வழிதான்: 508 கி.மீ., தனிப்பாதை, மணிக்கு 320 கி.மீ. 2017இல் அடிக்கல் நாட்டினார்கள். தாமதமானாலும் அது ஓடும். அதைப் பார்த்து நம் பக்கமும் 20 ஆண்டுக்குள் ஒன்று வந்துவிடும் என்று யாராவது சொன்னால், நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஹைப்பர்லூப்? காற்றைப் பெருமளவு வெளியேற்றிய குழாய்க்குள் வண்டியை அதிவேகமாக ஓட்டும் யோசனை அது. ஐஐடி மெட்ராஸ் மாணவர்கள் சென்னையை அடுத்த தையூரில் சோதனைக்காக 400 மீட்டரைச் சற்றே தாண்டிய நீளத்தில் ஒரு குழாய்ப்பாதை வைத்திருக்கிறார்கள். நல்ல ஆராய்ச்சி. டிக்கெட் எடுக்க இன்னும் வெகுகாலம் ஆகும்.

என் நம்பிக்கையெல்லாம் நடுத்தர வேகத்தின் மீதுதான். பக்கத்துப் பக்கத்து நகரங்களை இணைக்கும் டெல்லி–மீரட் நமோ பாரத் ரயில் 160இல் ஓடுகிறது, 82 கி.மீ. தடத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கி.மீ. தூரத்துக்கும் இப்படி ஒன்று போடலாமா என்று ஆராயப்போவதாகத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. புல்லட் ரயிலைவிட இதைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

காரணம் சொந்தக் கதைதான். என் அக்கா மகன் ஈரோட்டிலிருந்து கோவைக்குச் சீசன் டிக்கெட்டில் வேலைக்கு வருகிறான். போன தீபாவளிக்கு அவனிடம் புல்லட் ரயிலைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, எனக்கு 320 எல்லாம் வேண்டாம். சாயங்காலம் அரை மணிக்கு ஒரு வண்டி விடச் சொல்லுங்கள்" என்றான். ஆபீசில் கடைசி நேரத்தில் யாராவது கூப்பிட்டு வண்டி தவறிவிட்டால், அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது மணி பத்தாகிவிடுகிறது.