முட்டுக்காட்டைத் தாண்ட முடியவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 41. திருவான்மியூரில் வசிக்கிறேன், நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள்) வாங்கி, ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு குழுவினருடன் செல்கிறேன். முட்டுக்காடு வரை எப்படியோ ஈடுகொடுத்துவிட்டு, அதற்குமேல் மூச்சிரைத்துப் பின்தங்கிவிடுகிறேன். மறுநாள் முழங்காலின் முன்புறம் வலிக்கிறது. மாமல்லபுரம் சென்று திரும்ப ஆசை. உடலை எப்படித் தயார்ப்படுத்துவது?

பதில்: நீங்கள் பலவீனமானவர் அல்லர், வாரத்துக்கு ஒரே ஒரு நாள், அதுவும் உங்களைவிடப் பழக்கமுள்ளவர்களின் வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதுதான் சிக்கல். சமதளச் சாலையில் சைக்கிளை முக்கியமாகத் தடுப்பது காற்று. அதை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்வதால், மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 25-க்கு ஏறும்போது, காற்றுக்காக மட்டும் கால்கள் ஏறத்தாழ இரு மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது. கூட்டத்தின் நடுவில் செல்லும்வரை முன்னால் இருப்பவர்கள் காற்றைத் தடுத்துக்கொள்வதால் இது தெரிவதில்லை; சற்றே பின்தங்கித் தனியாகிவிட்ட கணத்தில் முழுச் சுமையும் உங்கள்மீது வந்து விழுகிறது.

ஆகவே அடுத்த எட்டு வாரங்களுக்குக் குழுவை விட்டு விலகி, தனியாக, உங்களுக்கே சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாக ஓட்டுங்கள். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியங்களில் தடையின்றிப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். 220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் வழக்கம் பரவலாக உள்ளது என்றாலும், தனிமனிதருக்கு அது பத்துத் துடிப்புக்கு மேலும் பிசகக்கூடும் என்பதால், கடிகாரம் காட்டும் எண்ணைவிடப் பேச்சுச் சோதனையையே நான் நம்புவேன். இந்த மிதமான உழைப்பில் உடல் கொழுப்பைப் பெருமளவு எரிபொருளாகப் பயன்படுத்தப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களும், ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. ஞாயிறு ஒரு நாள் உயிரைக் கொடுத்து ஓட்டிவிட்டு ஆறு நாள் நாற்காலியில் இருப்பவருக்கு இந்த மாற்றம் மிக மெதுவாகவே நிகழும்.

வார நாட்களில் இரண்டு காலைகளில் 45 நிமிடம், ஞாயிறன்று நீண்ட பயணம் என்று தொடங்குங்கள். நீண்ட பயணத்தை 30 கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரம் தவறாமல் குறைத்துக்கொள்ளுங்கள். தசை வலுவடைவது ஓட்டும்போது அன்று, ஓய்வில்தான். இரண்டு மாதங்கள் கழிந்த பிறகு, வார நாள் ஒன்றில் மூன்று நிமிடம் பேச முடியாத வேகம், மூன்று நிமிடம் நிதானம் என நான்கு சுற்றுகள் சேர்க்கலாம். அப்போது குழுவுக்கும் திரும்பலாம், பின்வரிசையில். மாமல்லபுரம் போய்வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஆகும். இந்த வேகத்தில் நான்கு மாதம் பிடிக்கும்.

முழங்கால் வலியைப் பொறுத்தவரை, இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கிறேன். ஒன்று, சீட் தாழ்வாக இருப்பது. முன்புற வலிக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சுவரைப் பிடித்தபடி சீட்டில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இடுப்பு சரியாமல் கால் முழுவதும் நீண்டால் உயரம் சரி. முழங்கால் மடங்கியிருந்தால் சீட்டைச் சிறிது சிறிதாக, ஒரு நேரத்தில் ஐந்து மில்லிமீட்டர் என உயர்த்துங்கள். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது தேவையான இலேசான மடிப்பு தானாகக் கிடைத்துவிடும். மற்றொன்று, கனமான கியர். வலது முழங்கால் 15 வினாடிகளில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 20-க்குக் குறைந்தால், அதாவது நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் கீழே போனால், இலேசான கியருக்கு மாறுங்கள். கனமான கியரை அழுத்தி மிதிப்பது வீரமாகத் தோன்றும். விலையை முழங்கால்தான் கொடுக்கும். இவ்விரண்டையும் சரிசெய்து மூன்று வாரமாகியும் வலி நீடித்தால் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் இதய நோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கடின முயற்சிகளைத் தொடங்கும் முன் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுவது அவசியம். மிதிக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி உதவி தேட வேண்டும்.

சென்னையின் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருப்பதால் உடல் சரியாகக் குளிர்வதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே, முன்னும் பின்னும் விளக்குடனும் தலைக்கவசத்துடனும் கிளம்பிவிடுங்கள். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர் குடிப்பதும், ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் சேர்ப்பதும் நல்லது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில், பசிக்கும்வரை காத்திராமல் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பழமும் சில பேரீச்சம்பழங்களும் இருந்தால் விலையுயர்ந்த எனர்ஜி ஜெல் பாக்கெட்டுகளுக்குத் தேவையே இல்லை.

மாமல்லபுரத்துக்கான நாளைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றையும் கவனியுங்கள். வடகிழக்குப் பருவக்காலத்தில் போகும்போது முதுகில் தள்ளும் காற்று, களைத்துத் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். எனவே போகும்போது கிடைக்கும் எளிய வேகத்தில் மயங்கிப் பலத்தைச் செலவழித்துவிடாதீர்கள். அங்கே இறங்கியதும் நெய் ஒழுகும் பொங்கலும் வடையும் அழைக்கும். நான் ஒருமுறை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் கோவளத்து நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு இட்லியோடு எழுந்துவிடுங்கள். பொங்கலை வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்.