டார் ஹீல்ஸ் பெண்கள் அணி: கேட்டவையும் என் பதில்களும்

டார் ஹீல்ஸ் என்று அழைக்கப்படும், அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: தேசியப் பட்டங்கள் 22 என்கிறார்கள், 23 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ பெண்களுக்குக் கால்பந்துப் போட்டி நடத்தத் தொடங்கியது 1982இல். அதில் வென்றவை 22. அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு அமைப்பு நடத்திய போட்டியிலும் இவர்கள்தான் சாம்பியன்.

கேள்வி: அந்தக் காலத்தில் எதிர்த்து ஆட ஆளே இல்லை, அதனால்தான் ஜெயித்தார்களா?

பதில்: பாதி உண்மை. பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ் 1979இல் பொறுப்பேற்றபோது பெண்கள் அணி வைத்திருந்த பல்கலைக்கழகங்கள் குறைவு. 1986 முதல் 1994 வரை தொடர்ச்சியாக 9 பட்டம் வந்தது. பந்திக்கு முந்தினார்கள், வாஸ்தவம்தான். ஆனால் கூட்டம் சேர்ந்த பிறகும் 2003, 2006, 2008, 2009, 2012 என்று இடத்தை விடவில்லையே!

கேள்வி: அப்படியென்ன பயிற்சி?

பதில்: எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுவார்கள். ஒருத்திக்கு ஒருத்தி மோதும் ஆட்டம், ஓட்டம், தலையால் முட்டுவது என்று ஒவ்வொன்றிலும் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று குறித்து, தரவரிசை போட்டு எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிடுவார்கள். அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் பயிற்சியைப் பார்த்து டோரன்ஸ் எடுத்துக்கொண்ட யோசனை இது. தோழியை முழு வேகத்தில் மோதத் தயங்குகிறவர்களுக்கு அந்தப் பட்டியலே ஒரு சாக்கு. ‘கணக்கில் ஏறுகிறது, என்ன செய்ய’ என்று இறங்கிவிடலாம். பட்டியலின் அடியில் இருப்பவளுக்கு அது தினசரி வேதனை என்பதையும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் நான் இதைச் செய்யமாட்டேன்.

கேள்வி: புகழ்பெற்ற அமெரிக்க வீராங்கனை மியா ஹாம் 1989 முதல் 1993 வரை அங்கே படித்தார். பட்டம் மட்டும் ஏன் நான்கு?

பதில்: 1991இல் அவர் பல்கலைக்கழகத்துக்கு ஆடவில்லை. சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பைக்காக ஒதுங்கியிருந்தார். கோப்பையை அமெரிக்கா வென்றது; அந்த அணிக்கும் டோரன்ஸ்தான் பயிற்சியாளர்.

கேள்வி: டோரன்ஸ் போய்விட்டாரே, இனி?

பதில்: 2024 ஆகஸ்ட்டில், பருவம் தொடங்கும் நேரத்தில் ஓய்வு பெற்றார். டேமன் நஹாஸ் பொறுப்பேற்றார். அந்த டிசம்பரிலேயே வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியை 1-0 என்று வீழ்த்தி 22ஆவது என்சிஏஏ பட்டம்!

கேள்வி: ஆட்டத்தின் நடுவே வெளியே போன வீராங்கனையை மறுபடி இறக்குகிறார்களே, விதிமீறல் இல்லையா?

பதில்: இல்லை. கல்லூரி விதி வேறு. முதல் பாதியில் வெளியேறியவர் இரண்டாம் பாதியில் திரும்பலாம். அதனால் முதல் பாதியின் நடுவில் மாற்று வீராங்கனைகளைக் கூட்டமாக இறக்கிவிடுவார்கள். எதிரணி பந்தை எடுத்த உடனே பாய்ந்து நெருக்குவது இவர்கள் பாணி. மூச்சு வாங்கும் கால்களை வைத்துக்கொண்டு அது நடக்காது.