வாசகர் கேள்வி: கழிவுநீரும் கடலும்

கேள்வி: நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். வெயில் காலம் வந்தாலே இரண்டாம் கிளாரிஃபையரில் (கசடு படியும் தொட்டி) ஸ்லட்ஜ் (நுண்ணுயிர்கள் நிறைந்த கசடு) கட்டி கட்டியாக மிதக்கிறது. குளோரின் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: முதலில் ஒரு லிட்டர் அளவுக் குடுவையை எடுங்கள். ஏரேஷன் தொட்டியின் (நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊட்டும் தொட்டி) கடைசியில் பிடித்த நீரை ஊற்றி, அசைக்காமல் 30 நிமிடம் வையுங்கள். ஸ்லட்ஜ் எத்தனை மில்லியில் நிற்கிறது என்று குறித்த பின், மேலும் ஒன்றரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பலரும் அரை மணியிலேயே கொட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய விடை அதற்குப் பிறகுதான் தெரியும்.

நன்றாகப் படிந்த ஸ்லட்ஜ் பிறகு குமிழோடு மேலெழுந்தால், அது கிளாரிஃபையர் அடியில் அதிக நேரம் தங்குகிறது என்று பொருள். அங்கே ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவை விடுகின்றன. அந்த வாயுதான் ஸ்லட்ஜைத் தூக்குகிறது. நீர் சூடாக இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். இதற்குக் குளோரின் மருந்தல்ல. ஸ்லட்ஜைத் திருப்பி அனுப்பும் பம்பின் ஓட்டத்தைக் கூட்டுங்கள். அடியில் கசடைத் தள்ளும் ஸ்கிரேப்பர் சுற்றுகிறதா, அடிக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உபரி ஸ்லட்ஜையும் கூடுதலாக வெளியேற்றுங்கள், ஆனால் நாளுக்கு 10 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள்.

ஸ்லட்ஜ் படியவே மறுத்தால் கதை வேறு. அரை மணியில் குடுவையில் 600 மில்லி, எம்.எல்.எஸ்.எஸ். (ஏரேஷன் தொட்டி நீரில் மிதக்கும் திடப்பொருளின் அளவு) லிட்டருக்கு 3,000 மி.கி., அதாவது 3 கிராம் என்றால், 600-ஐ 3-ஆல் வகுக்க 200 வரும். இந்த எண் 150-ஐத் தாண்டினால் இழை நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன. பெரும்பாலும் காற்றுக் குறைவே காரணம். தொட்டியில் பல இடங்களில் ஆக்சிஜனை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 2 மி.கி. வேண்டும். காற்றை அனுப்பும் புளோயர் ஓடிக்கொண்டிருந்தாலும், அதைக் குமிழாக்கும் டிஃப்யூசர் அடைத்திருக்கலாம். திரும்பும் ஸ்லட்ஜில் குளோரினை அளந்து விடுவது இந்த நிலைமைக்குத்தான், அதுவும் கடைசி வழியாக. அளவு மீறினால் நல்ல நுண்ணுயிர்களும் செத்து, கலங்கல் நீர் நேரே ஆற்றுக்கும் கடலுக்கும் போகும்.

கேள்வி: நீளக் குழாய் போட்டு ஆழ்கடலில் விட்டால் சுத்திகரிப்பே தேவையில்லையே?

பதில்: தேவை. அமெரிக்காவின் பாஸ்டனில் குழாய் கடைசியாகத்தான் வந்தது. துறைமுகத்தில் ஸ்லட்ஜ் கொட்டுவதை 1991-ல் நிறுத்தினார்கள். டீர் தீவு நிலையத்தில் உயிரியல் சுத்திகரிப்பு 1997 முதல் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. சுமார் 15 கி.மீ. கடலடிச் சுரங்கம் திறந்தது 2000 செப்டம்பரில். குளோரினிட்ட நீரில் மிஞ்சும் குளோரினை பைசல்பைட் என்ற வேதிப்பொருள் சேர்த்து நீக்கிய பிறகே அங்கே கடலில் விடுகிறார்கள், ஏனென்றால் அது மீனுக்கு நஞ்சு.

கேள்வி: பெருமழைக்குப் பிறகு சென்னை பட்டினப்பாக்கம் கரையில் ஒதுங்கும் நுரையில் குழந்தைகள் விளையாடலாமா?

பதில்: கூடாது. அடையாறு முகத்துவாரம் வழியே வரும் கழிவுநீரில் சோப்பும் மலக்கிருமிகளும் சேர்ந்தே இருக்கின்றன. கடலில் குளிக்க நம் நாட்டு வரையறை 100 மில்லிக்கு 100 மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா). நகராட்சி நிலையம் வெளியேற்றும் நீருக்கே 1,000 வரை அனுமதி உண்டு. சுத்திகரிக்காத சாக்கடையில் இது பல லட்சம். மூன்று நாளாவது முகத்துவாரப் பக்கம் இறங்க விடாதீர்கள்.

கேள்வி: மொட்டைமாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் விடுகிறோம். ஒரு வீட்டால் என்ன ஆகிவிடும்?

பதில்: 1,000 சதுர அடி மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் இறங்கும். நான்கு பேர் குடும்பம் ஏறக்குறைய பத்து நாளில் விடும் கழிவுநீர், ஒரே மாலையில்! தெருவே இப்படிச் செய்தால் மேன்ஹோல் பொங்கும். நிலையத்தில் வளர்த்த நுண்ணுயிர்கள் அடித்துச் செல்லப்படும், தேறப் பல நாளாகும். மாடிக் குழாயில் ஒரு வாளி சாயத் தண்ணீர் ஊற்றி, வீட்டுக் கழிவுநீர்ச் சேம்பரில் அது தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பிளம்பரை வைத்துத் துண்டித்து, மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். தெரு மேன்ஹோலை மட்டும் திறக்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு சில நொடிகளில் உயிரைப் பறித்துவிடும்.