முதல் எல்க் வேட்டைக்குப் புது ரைபிள் வேண்டுமா?

கேள்வி: எச்-1பி விசாவில் டாலஸில் வேலை பார்க்கிறேன். டெக்சாஸில் மூன்று சீசனாக மான் வேட்டைக்குப் போகிறேன். 308 ரைபிள் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் நண்பர்கள் இருவரோடு கொலராடோவில் எல்க் என்னும் பெரிய மானுக்கு முதல் வேட்டை. 2,000 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். இன்னும் சக்தி வாய்ந்த மேக்னம் ரைபிள் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எல்க்குக்குக் கொலராடோ சட்டம் குறைந்தபட்சம் கேட்பது 24 காலிபர் (குழல் விட்டம்), 85 கிரெய்ன் (குண்டின் எடை) குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். உங்கள் 308 இதையெல்லாம் சுலபமாகத் தாண்டிவிடும். 165 அல்லது 180 கிரெய்னில், உள்ளே போய்ச் சிதறாத பாண்டட் குண்டு ஐந்து பெட்டி வாங்குங்கள். நான்கு பெட்டி பழகத்தான்.

டெக்சாஸில் பிளைண்டு என்னும் மறைவிடத்துக்குள் உட்கார்ந்து, தீனி போடும் ஃபீடருக்கு வரும் மானைச் சுட்டிருப்பீர்கள். கொலராடோவில் மூச்சிரைக்க மேடேறி நிற்கும்போதுதான் மிருகம் கண்ணில் படும். துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில் எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை ஒட்டுங்கள். ரைபிளை மேசையிலேயே வைத்துவிட்டு நூறு கஜம் ஓடிப்போய்த் திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்து ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழும் தூரம்தான் உங்கள் எல்லை. பலருக்கு அது 200 கஜத்தைத் தாண்டாது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணத்தைக் காலிலும் முதுகிலும் போடுங்கள். நல்ல பூட்ஸை இப்போதே வாங்கி, எடை சுமந்து இரண்டு மாதம் நடந்து பழக்குங்கள். புது பூட்ஸோடு போய், இரண்டாம் நாளே இரண்டு குதிகாலும் கொப்பளித்துக் கூடாரத்தில் கிடந்தவன் நான். அப்புறம் கறி சுமக்க ஃப்ரேம் வைத்த முதுகுப்பை, 10x42 பைனாகுலர், கம்பளி உள்ளாடை. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறமும், அதே நிறத்தில் தொப்பியும் சட்டப்படி கட்டாயம்.

டாலஸ் கடல் மட்டத்திலிருந்து 430 அடிதான். நீங்கள் நடக்கப்போவது 9,000, 10,000 அடியில். சீசன் தொடங்க இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். தலைவலி விடாமல் வாந்தியும் வந்தால் கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

அக்டோபர் கடைசியில் இணைசேரும் காலம் முடிந்திருக்கும். கூப்பிட்டால் கிடா வராது. களைத்துப்போய், வடக்குச் சரிவின் அடர்ந்த மரக்காட்டில் படுத்துக் கிடக்கும். விடியலிலும் அந்தியிலும் புல்வெளி ஓரத்தைத் தூரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள். பகலில் அந்த மரக்காட்டுக்குள் மெதுவாக நுழையுங்கள். காற்றை மட்டும் மறக்காதீர்கள். வெயில் ஏறும்வரை குளிர்காற்று சரிவில் கீழே இறங்கும். சூடானதும் மேலே ஏறும். சாயங்காலம் மறுபடி இறங்கும். அதனால் காலையில் கீழிருந்தும் மதியம் மேலிருந்தும் நெருங்குங்கள். கண்ணுக்குத் தப்பினாலும் அதன் மூக்குக்குத் தப்ப முடியாது.

சுட்ட பிறகுதான் வேலையே. பெரிய கிடா 300 கிலோ இருக்கும். வயிற்றைத் திறக்கவே வேண்டாம்: ஒரு பக்கம் தோலை உரித்து, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறியை எடுத்துத் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டு, மறுபக்கம் புரட்டுங்கள். குளிராக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பின்தொடையில் எலும்பை ஒட்டிய கறி சூடு தணியாமல் கெட்டுப்போகும். ஆண் என்பதற்குச் சான்றாக அதன் உறுப்பு கறியோடு இயல்பாக ஒட்டியபடி இருக்க வேண்டும். கறியை வண்டிக்குச் சுமக்க மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு நடை. ஆகவே வண்டியிலிருந்து இரண்டு மைலுக்கு அப்பால் எதையும் சுடாதீர்கள்.

இனிக் காகித வேலை. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சாஸ் உரிமம் ஆகஸ்ட் 31-இல் முடியும். சில மாதம் கழித்துப் புதுப்பிக்கலாம் என்றால், இடைப்பட்ட நாளில் வீட்டில் இருக்கும் 308-ஏ வில்லங்கம். ஒருநாள்கூட இடைவெளி விடாதீர்கள். சந்தேகமிருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். டெக்சாஸ் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கொலராடோவிலும் செல்லும். உங்கள் யூனிட்டின் (வேட்டைப் பகுதியின்) டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு), கொம்பு விதிகளை இந்த ஆண்டுக் கையேட்டில் பாருங்கள், நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம்.

திரும்பும்போது சுட்ட எல்க்கின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மான்களின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி நோய் அங்கே உண்டு. மூளையும் தண்டுவடமும் டெக்சாஸுக்குள் வரக்கூடாது. கறியைத் தனியாகப் பெயர் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். முடிவு வரும்வரை பிரியாணி போட வேண்டாம்.