அப்பா சேமிக்கச் சொல்லும் 36 மாதம்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். பத்து வயதில் காரைக்குடியிலிருந்து அப்பா அம்மாவோடு ஹூஸ்டனுக்கு வந்தவன் நான். பள்ளி முடித்ததும் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். நான்கு வருடப் பணியை முடித்து, நல்ல சான்றிதழோடு வெளியே வந்துவிட்டேன். வயது 23. ஆகஸ்டில் இங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்கிறேன். படையில் பணி செய்தவர்களின் படிப்புச் செலவுக்கு அரசு பணம் தரும் போஸ்ட்-9/11 ஜி.ஐ. பில் எனக்கு உண்டு. "அதைத் தொடாதே, மாஸ்டர்ஸுக்கு இருக்கட்டும், இப்போதைக்கு நான் கடன் வாங்கிக் கட்டுகிறேன்" என்கிறார் அப்பா. "தங்கச்சிக்கு மாற்றிக் கொடுத்துவிடேன்" என்கிறார் அம்மா. எனக்கோ பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருக்கிறது. எல்லாப் பாடத்தையும் ஆன்லைனில் எடுத்தால் என்ன என்று நினைக்கிறேன். கணக்கு மறந்துபோய்விட்டது. மூட்டை சுமந்து நடந்ததில் வந்த முழங்கால் வலி வேறு. விசேஷ வீடுகளுக்குப் போனால் "படிப்பு வராமல் பட்டாளத்துக்குப் போனவன்" என்று காதில் விழுகிறது. என்ன செய்யட்டும்?
- ஹூஸ்டன் வாசகர்

பதில்: தம்பி, அப்பாவைக் கடன் வாங்க விடாதீர்கள். ஆகஸ்டிலேயே ஜி.ஐ. பில்லைத் தொடங்குங்கள்.

அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2013 ஜனவரி 1-க்குப் பிறகு பணியிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு இந்தச் சலுகை காலாவதி ஆவதில்லை. அதனால் எடுத்து வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எதற்காக வைக்கிறோம்? மூன்று வருடமோ அதற்கு மேலோ முழுநேரப் பணி செய்த உங்களுக்கு 36 மாதப் படிப்புக்கு 100 சதவீதத் தகுதி இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநிலத்தவருக்கான கல்விக் கட்டணம் முழுவதையும் படைவீரர் நலத்துறை நேராகப் பல்கலைக்கழகத்துக்கே கட்டிவிடும். மாதாமாதம் வீட்டு வாடகைப் படி உங்கள் கணக்குக்கு வரும். புத்தகத்துக்கு வருடம் 1,000 டாலர் வரை தருவார்கள். ஒரு கல்வியாண்டுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் செலவாகும் என்று வைத்தாலும் 36 மாதத்தில் நான்கு வருடப் பட்டம் அடங்கிவிடும். இத்தனையும் இருக்கும்போது அப்பா வட்டி கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

மாஸ்டர்ஸுக்கு என்ன வழி என்று அப்பா கேட்பார். நீங்கள் டெக்சாஸ்காரர் என்பது இங்கேதான் கை கொடுக்கிறது. ஹேசில்வுட் சட்டம் என்று இந்த மாநிலத்துக்கே உரிய ஒன்று உண்டு. டெக்சாஸிலிருந்து படையில் சேர்ந்து, நல்ல சான்றிதழோடு திரும்பி, இங்கேயே வசிப்பவர்களுக்கு டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் 150 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) வரை கல்விக் கட்டண விலக்கு. இதில் வாடகைப் படி கிடையாது, கட்டணம் மட்டும்தான். மத்திய அரசின் 36 மாதம் தீர்ந்த பிறகு இதைக் கையில் எடுத்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் முடிக்கலாம். அதாவது அப்பா ஆசைப்படுகிற சேமிப்பு ஏற்கெனவே மாநிலத்திடம் இருக்கிறது. படிக்கும்போது, வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையான பெல் கிரான்ட்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஜி.ஐ. பில் வாங்குவதால் அது தடைபடாது.

அம்மாவிடம் மென்மையாகச் சொல்லிவிடுங்கள்: தங்கைக்கு மாற்ற முடியாது. பணியில் இருக்கும்போதே, ஆறு வருடம் முடித்து, மேலும் நான்கு வருடம் இருப்பதாக ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் அந்த வசதி. அவர்களும் மனைவி அல்லது கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ மட்டும்தான் மாற்ற முடியும்.

இனி ஆன்லைன். உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இந்த யோசனை வேண்டாம். எல்லாப் பாடமும் ஆன்லைன் என்றால் வாடகைப் படி நாட்டுச் சராசரியில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரே ஒரு பாடமாவது வகுப்பறையில் உட்கார்ந்து படித்தால், வளாகம் இருக்கும் ஊரின் அளவுப்படி கணக்கிடுவார்கள். குடும்பத்தோடு வசிக்கும் ஒரு சார்ஜென்ட்டுக்கு அந்த ஊரில் தரும் படிதான் அந்த அளவு. நீங்கள் அப்பா வீட்டிலேயே தங்கினாலும் அது வரும். பல்கலைக்கழகம் முழுநேரம் என்று சொல்லும் அளவுக்குப் பாடம் எடுங்கள். இளநிலைப் படிப்பில் அது பெரும்பாலும் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட். அந்த முழுநேர அளவில் பாதிக்கு மேல் பாடம் எடுக்கவில்லை என்றால் வாடகைப் படியே கிடையாது.

பணத்தை விட்டுவிடுங்கள், எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. நான்கு வருடம் கூட்டத்தோடு எழுந்து, கூட்டத்தோடு சாப்பிட்டுப் பழகியவர் நீங்கள். திடீரென்று தனி அறையில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் வெறுமை வரும். அந்த வெறுமையில்தான் பலர் படிப்பை விடுகிறார்கள். பல வளாகங்களில் படைவீரர் மாணவர்களுக்கென்று ஓர் அறை, ஓர் அலுவலகம் இருக்கிறது. 2008-இல் தொடங்கிய ஸ்டூடன்ட் வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா அமைப்பின் கிளை உங்கள் வளாகத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே 23 வயது ஒரு வயதே இல்லை. பிள்ளை குட்டிகளோடு படிக்கிறவர்களைப் பார்ப்பீர்கள்.

கணக்குக்கு வருவோம். கால்குலஸ் கடினமாகப் போனால் யாரிடமும் கேட்காமல் பாடத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நடுவில் விலகினால் நலத்துறை அந்தப் பாடத்துக்குக் கொடுத்ததை செமஸ்டரின் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கணக்கிட்டு, கடனாக எழுதிவிடக்கூடும். முதல் முறை என்றால் 6 கிரெடிட் வரை மன்னிப்பு உண்டு. அதற்குப் பிறகு நோய், குடும்பத்தில் சாவு போன்ற தக்க காரணம் காட்ட வேண்டும். வகுப்புக்கு ஒழுங்காகப் போய், தேர்வும் எழுதி, தோற்றே போனால்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. பட்டத்துக்குத் தேவையான பாடமாக இருந்தால் மறுபடி படிக்கவும் கட்டணம் தருவார்கள். முதல் வாரத்திலேயே டியூட்டரிங் மையத்துக்குப் போய் உட்காருங்கள். பாடத்தைச் சேர்ப்பது, விடுவது, முதன்மைப் பாடப்பிரிவை மாற்றுவது எதுவானாலும் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் சர்ட்டிஃபையிங் அதிகாரி. நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று நலத்துறைக்கு எழுதி அனுப்புகிறவர் அவர்தான். பட்டத்துக்குச் சேராத பாடத்தை ஆசைக்காக எடுத்தால் அதற்குச் சான்று தரமாட்டார்.

வாடகைப் படி மாதம் முடிந்த பிறகே வரும். ஆகஸ்டில் பாதி மாதம்தான் வகுப்பு என்றால் பாதி மாதப் பணம்தான், அதுவும் செப்டம்பரில். டிசம்பர் விடுமுறை நாட்களுக்குக் கிடையாது. ஆகவே முதல் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் "இன்னும் படிக்கிறீர்களா" என்று கேட்டு போனுக்குச் செய்தி வரும். பதில் அனுப்புங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் படி நின்றுவிடும்.

முழங்காலை ஏதோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்தது அதுதான். பணியில் வந்த காயத்தைச் சொல்வது பலவீனம் என்று படையில் பழக்கிவிடுகிறார்கள். உடனே நலத்துறையில் ஊனமுற்றோர் இழப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். 10 சதவீதம் என்று மதிப்பிட்டாலே, சாப்டர் 31 என்கிற வேலைவாய்ப்பு மறுவாழ்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் காயம் வேலை தேடுவதற்குத் தடையாக இருக்கிறது என்று அங்கே ஆலோசகர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் கட்டணம், புத்தகம், கருவி எல்லாம் அந்தத் திட்டத்திலிருந்து வரும். ஜி.ஐ. பில் மாதங்கள் குறையாது. அப்பாவுடைய சேமிப்பு யோசனைக்குக் கடன் இல்லாத வழி இது. முடிவு வர நாளாகும் என்பதால் அதற்காக ஆகஸ்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

விசேஷ வீட்டுப் பேச்சு வலிக்கத்தான் செய்யும். நம் ஆட்களுக்கு ராணுவம் என்றால் படிப்பைவிட்டுப் போகிற இடம் என்றே மனதில் பதிந்திருக்கிறது. அமெரிக்காவில் கதை வேறு. 1944-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட முதல் ஜி.ஐ. பில்லால் 1947-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். 2009 முதல் சில வருடம் இதே ராணுவம் தமிழ் தெரிந்தவர்களை அந்த மொழிக்காகவே தேடி எடுத்தது. அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நன்றாகப் படித்தவர்கள் நிறைய. நீங்கள் ஊர் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவருடைய பிடிவாதத்துக்குப் பின்னால், மகனுக்கு நான் ஒன்றும் செய்யவில்லையே என்ற ஏக்கம் இருக்கலாம். அவரைச் சர்ட்டிஃபையிங் அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டண ரசீதை அவரே பார்க்கட்டும். கடன் வாங்க வைத்திருந்த தைரியத்தைத் தங்கையின் படிப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படையிலிருந்து விலகியதற்கான டி.டி. 214 சான்றிதழின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஜி.ஐ. பில்லுக்கான 22-1990 விண்ணப்பப் படிவத்தை ஆன்லைனில் இந்த வாரமே நிரப்புங்கள். தகுதிச் சான்று வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ராணுவப் பயிற்சிகளுக்கான ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்டையும் கூடவே அனுப்பி, எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்று துறையில் கேளுங்கள். சில பாடங்கள் குறைந்தால் மிஞ்சுகிற மாதங்கள் மாஸ்டர்ஸின் முதல் செமஸ்டருக்கு ஆகும்.